பென்டிரைவ் முதல் பட்டன் பேட்டரி வரை: ஒரு லினக்ஸ் நிறுவல் பட்ட பாடு

அக்கா மகனின் மேசைக் கணினிக்கு வயது பத்தை நெருங்குகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குத் தாவலாம் என்றால் அந்தப் பிராசஸர் அதற்கான பட்டியலில் இல்லை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் இல்லை. போதாக்குறைக்கு ஹார்டு டிஸ்க் அவ்வப்போது டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. டிஸ்க் தன் உடல்நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். 5 என்று எண்ணிட்ட வரியிலும் 197 என்று எண்ணிட்ட வரியிலும் பூஜ்யம் இல்லை. முதலாவது, டிஸ்க் ஏற்கெனவே கைவிட்டு மாற்று இடம் கொடுத்த செக்டர்களின் (டிஸ்கின் சிறு சேமிப்புக் கட்டங்கள்) கணக்கு. இரண்டாவது, படிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருக்கும் செக்டர்களின் கணக்கு. இரண்டும் சேர்ந்து ஏறினால் டிஸ்க் மூட்டை கட்டத் தயாராகிவிட்டது என்று அர்த்தம்.

திட்டம் எளிமையானது. 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை உள்ளே மாட்டி, அதில் டெபியன் என்ற இலவச இயங்குதளத்தின் வழிவந்த ஒரு லினக்ஸை நிறுவுவது. பழைய டிஸ்கில் இருக்கும் விண்டோஸ் அப்படியே இருக்கட்டும், ஓடுகிறவரை ஓடட்டும். “ஒரு மணி நேர வேலைதான்” என்று அக்காவிடம் சொன்னேன். மூன்று நாள் ஆனது.

கை வைப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைச் செய்தேன், அவை மட்டும்தான் இந்தக் கதையில் பிசகில்லாமல் நடந்தவை. படங்கள், பாடக் குறிப்புகள் எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் பிரதி எடுத்தேன். விண்டோஸில் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பார்த்தேன். ஓடினால், பயாஸில், அதாவது மதர்போர்டின் அமைப்புத் திரையில், எதையாவது மாற்றியதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றுவிடும். நல்லவேளை, ஓடவில்லை. கூடவே ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’பையும் அணைத்தேன். அது இருந்தால் விண்டோஸை ஷட்டவுன் செய்தாலும் அது முழுசாகத் தூங்காது. பாதி உறக்கத்தில் இருக்கும் அந்தப் பார்ட்டிஷனை (டிஸ்கின் அந்தப் பிரிவை) லினக்ஸ் எழுதுவதற்குத் திறக்க மறுக்கும்.

பென்டிரைவே தெரியல

முதல் தொலைபேசி அழைப்பு நான் அங்கே போவதற்கு முன்பே வந்துவிட்டது.

“மாமா, லினக்ஸ டவுன்லோட் பண்ணி பென்டிரைவ்ல போட்டுட்டேன். ஆனா பூட் மெனுல பென்டிரைவே வரல.”

“எப்படிப் போட்டே?”

“காப்பி பேஸ்ட்தான்.”

சரி. எல்லாரும் ஒரு தடவையாவது செய்யும் தப்புதான் இது, நானும் செய்திருக்கிறேன். ஐஎஸ்ஓ கோப்பு என்பது ஒரு முழு வட்டின் அச்சு. அதைப் பென்டிரைவுக்குள் ஒரு கோப்பாக வைத்தால், கணினியைப் பொறுத்தவரை அதுவும் ஒரு சினிமாப் படக் கோப்பும் ஒன்றுதான். கணினியை எழுப்பும், அதாவது பூட் செய்யும், ஃபர்ம்வேர் (மதர்போர்டிலேயே இருக்கும் நிரல்) பென்டிரைவில் தேடுவது, ‘இஎஃப்ஐ’ கோப்புறைக்குள் ‘பூட்’ கோப்புறை, அதற்குள் ‘பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ’ என்ற கோப்பு. அது ஐஎஸ்ஓவின் வயிற்றுக்குள் இருக்கிறது. வயிற்றைக் கிழித்துப் பார்க்க ஃபர்ம்வேருக்குத் தெரியாது.

நேரில் போய், என் லேப்டாப்பில், வட்டின் அச்சை அப்படியே எழுதும் ‘டிடி’ கட்டளையால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதும் முன் பழக்கதோஷத்தில் ஷா-256 (கோப்பு பிசகாமல் வந்ததா என்று காட்டும் கைரேகை) சரிபார்த்தேன். 64 எழுத்துகளில் முதல் நாலு எழுத்தே ஒத்துப்போகவில்லை. டவுன்லோடு நடுவில் ஒருமுறை அறுந்து மறுபடி தொடர்ந்ததாம். அந்தக் கோப்பைப் பென்டிரைவில் ஒழுங்காக எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். மெனு வந்திருக்கும். நிறுவல் பாதி தூரம் போயிருக்கும். அப்புறம் எங்கோ ஒரு பொதியைப் பிரிக்க முடியாமல் நின்று, நான் ராமைச் சந்தேகப்பட்டு, எஸ்எஸ்டியைச் சந்தேகப்பட்டு, கடைசியில் என்னையே சந்தேகப்பட்டிருப்பேன். இரண்டு நிமிடச் சோதனை ஒரு ராத்திரியை மிச்சம் பிடித்தது.

புதிதாக இறக்கி, சரிபார்த்து, எழுதினேன். ‘டிடி’யில் பயப்பட வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று: எங்கே எழுதுவது என்று சொல்லும் இடத்தில் ஓர் எழுத்து மாறினால் கேள்வி கேட்காமல் உங்கள் சொந்த டிஸ்கை அழித்துவிடும். பென்டிரைவைச் செருகுவதற்கு முன் ஒரு தடவை, செருகிய பின் ஒரு தடவை என்று டிஸ்குகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்பிஎல்கே’ போட்டுப் பார்த்து, புதிதாக முளைத்தது எது என்று உறுதி செய்த பிறகுதான் என்டர் தட்டுவேன். முடிந்ததாகச் சொன்ன பிறகும் ‘சிங்க்’ கட்டளை திரும்பி வரும்வரை பென்டிரைவைப் பிடுங்கக்கூடாது. எழுதியது பெரும்பாலும் இன்னும் ராமில்தான் காத்துக்கொண்டிருக்கும்.

கறுப்புத் திரை

பூட் மெனுவில் இப்போது பென்டிரைவ் தெரிந்தது. இரண்டு தடவை தெரிந்தது. ஒன்றில் பெயருக்கு முன்னால் ‘யூஇஎஃப்ஐ’ என்று இருந்தது, மற்றொன்றில் வெறும் பெயர். நான் மேலே இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். மேலே இருந்தது வெறும் பெயர். அந்த ஒரு என்டருக்கான விலையை அப்புறம் கொடுத்தேன், அதைச் சொல்கிறேன்.

கிரப் மெனு வந்தது. கிரப் என்பது பூட்லோடர், இயங்குதளத்தை எழுப்பிவிடும் நிரல். முதல் வரியைத் தேர்ந்தெடுத்தேன். லோகோ ஒரு நொடி மின்னியது, அப்புறம் திரை கறுத்தது. ஐந்து நிமிடம் பொறுத்தும் அப்படியே.

திரை கறுத்தால் கணினி செத்துவிட்டது என்று ஆகாது. கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பார்த்தேன். விளக்கு எரிந்தது, மறுபடி அழுத்தினால் அணைந்தது. அப்படியென்றால் லினக்ஸின் உட்கருவான கெர்னல் உயிரோடு இருக்கிறது, படம் காட்டத்தான் தெரியவில்லை. விளக்கு நாம் தொடாமலே சிமிட்டிக்கொண்டிருந்தால் அது கெர்னல் பேனிக், அதாவது கெர்னலே நிலைகுலைந்து நிற்பது, அதற்கு வைத்தியம் வேறு.

பழைய கிராஃபிக்ஸ் அட்டை ஒன்று அதில் இருந்தது. கெர்னல் எழுந்தவுடன் அந்த அட்டையைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்து, திரையின் அளவைத் தானே நிர்ணயிக்கப் பார்க்கும். அங்கேதான் இடறல். மறுபடி கிரப் மெனுவுக்கு வந்து, வரியின் மேல் நின்று ஆங்கில ‘இ’ எழுத்தை அழுத்தினேன். ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு ‘நோமோட்செட்’ என்று சேர்த்து எஃப்10 தட்டினேன். ‘திரையை நீ தொடாதே, ஃபர்ம்வேர் வைத்துவிட்டுப் போனபடியே இருக்கட்டும்’ என்று கெர்னலிடம் சொல்வது இது. எழுத்துகள் கொஞ்சம் பெரிசாகத் தெரிந்தாலும் டெஸ்க்டாப் வந்துவிட்டது. இங்கே செய்த மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். நிறுவி முடித்ததும் முதல் பூட்டிலும் இதையே ஒருமுறை செய்து உள்ளே போய், சரியான டிரைவரைப் போட்டபின் தேவைப்படவில்லை.

‘இது ஒரு தீவிரப் பிழை’

எஸ்எஸ்டியில் பார்ட்டிஷன்களை நானே பிரித்தேன். பார்ட்டிஷன்களைக் குறித்துவைக்கும் ஜிபிடி அட்டவணை, எழுப்பும் கோப்புகளுக்காக 512 எம்பிக்கு ஃபேட்32 கோப்பு முறையில் ஓர் இஎஃப்ஐ பார்ட்டிஷன், மீதி எல்லாம் ரூட்டுக்கு, அதாவது லினக்ஸ் குடியிருக்கும் இடத்துக்கு. கோப்புகள் நகலாகி முடிந்தன. கடைசிக் கட்டத்தில் சிவப்புப் பெட்டி வந்தது: கிரப்பை நிறுவ முடியவில்லை, இது ஒரு தீவிரப் பிழை.

இந்தப் பெட்டியைப் பார்த்ததும் பலர் செய்வது மறுபடி முதலிலிருந்து நிறுவுவது. அதே விதமாகப் பூட் செய்து அதே விதமாக நிறுவினால் அதே பெட்டிதான் வரும். நான் டெர்மினலைத் திறந்து ஒரே ஒரு விஷயம் பார்த்தேன்: ‘சிஸ்’ கோப்புறைக்குள், ‘ஃபர்ம்வேர்’ கோப்புறைக்குள் ‘இஎஃப்ஐ’ என்று ஏதாவது இருக்கிறதா? இல்லை. புரிந்துவிட்டது. கணினியை எழுப்ப இரண்டு முறை உண்டு: பழைய பயாஸ், புதிய யூஇஎஃப்ஐ. நான் பழைய பயாஸ் முறையில் பூட் ஆகியிருக்கிறேன். பூட் மெனுவில் வெறும் பெயரைத் தட்டியதன் பலன்.

இது ஏன் பிழையாகிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை, ஏனென்றால் பூட் பிரச்சினைகளில் பாதி இந்த ஒரு முடிச்சில்தான் இருக்கிறது.

பழைய பயாஸுக்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. டிஸ்கின் முதல் செக்டரை, அதாவது 512 பைட்டை, நினைவகத்தில் ஏற்றி அதன் தலையில் குதிக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. அந்த 512 பைட்டில் நிரலுக்கு 446, நாலு பார்ட்டிஷன்களைப் பற்றிய குறிப்புக்கு 64, கடைசி இரண்டு பைட் ‘இது பூட் ஆகும் டிஸ்க்’ என்ற முத்திரை. 446 பைட்டுக்குள் கிரப் அடங்காது. அதனால் அது தன் தலையை மட்டும் அங்கே நுழைத்து, உடம்பை முதல் செக்டருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவில் சும்மா கிடக்கும் இடத்தில் நீட்டி வைக்கும். ஜிபிடிக்கு முந்தைய எம்பிஆர் அட்டவணை உள்ள டிஸ்கில் அந்த இடம் யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கு. ஆனால் ஜிபிடி டிஸ்கில் அங்கே ஜிபிடி அட்டவணையே குடியிருக்கிறது. ஆகவே கிரப் தன் உடம்பை வைக்க ‘பயாஸ் பூட்’ என்ற தனிப் பார்ட்டிஷன் வேண்டும், 1 எம்பி போதும். நான் அதை உருவாக்கவில்லை. கிரப்புக்குப் படுக்க இடமில்லை. அதுதான் அந்தச் சிவப்புப் பெட்டி.

யூஇஎஃப்ஐ அப்படியில்லை. அதற்கு ஃபேட் கோப்பு முறையைப் படிக்கத் தெரியும். இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குள் போய்க் குறிப்பிட்ட ஒரு கோப்பை எடுத்து ஓட்டும். எந்த டிஸ்கில், எந்தப் பார்ட்டிஷனில், எந்தக் கோப்பு என்ற பட்டியலை மதர்போர்டில் உள்ள நிலைநினைவகத்தில் வைத்திருக்கும். அக்கா மகனின் விண்டோஸ் இந்த முறையில்தான் நிறுவப்பட்டிருந்தது. ஒரே கணினியில் ஒன்று பயாஸ் முறையிலும் மற்றொன்று யூஇஎஃப்ஐ முறையிலும் இருந்தால், கிரப் மெனுவிலிருந்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக முடியாது. ஒவ்வொரு முறையும் ஃபர்ம்வேரின் பூட் மெனுவைத் திறந்தாக வேண்டும். அதனால் ஒரு மெகாபைட் பார்ட்டிஷன் போட்டு ஒப்பேற்றாமல், ‘யூஇஎஃப்ஐ’ என்று போட்ட வரியில் பூட் செய்து மறுபடி நிறுவினேன். பழைய முறையை ஆதரிக்கும் சிஎஸ்எம் வசதியைப் பயாஸில் அணைத்தும் விட்டேன். அப்புறம் பூட் மெனுவில் பென்டிரைவ் ஒரு தடவைதான் தெரிந்தது. தவறான கதவையே சுவர் வைத்து அடைத்தாயிற்று.

முதல் நாள் இங்கே முடிந்தது. நிறுவல் வெற்றி என்று திரை சொன்னது. மெயின் சுவிட்சை அணைத்து, பக்கவாட்டுத் தகட்டை மாட்டிவிட்டுச் சாவகாசமாக வீடு திரும்பினேன்.

எந்த வருஷத்தில் இருக்கிறோம்?

மறுநாள் காலை அழைப்பு. “மாமா, நேரா விண்டோஸுக்குத்தான் போகுது. லினக்ஸே காட்டல. அப்புறம், எந்த வெப்சைட்டும் திறக்க மாட்டேங்குது. ஏதோ சான்றிதழ் சரியில்லன்னு சொல்லுது.”

இரண்டும் இரண்டு பிரச்சினை என்று நினைத்தேன். பயாஸைத் திறந்ததும் மேல் மூலையில் தேதி தெரிந்தது. மதர்போர்டு பிறந்த காலத்துத் தேதி. அந்தத் தேதியில் இன்றைய சான்றிதழ்கள் எதுவும் இன்னும் வழங்கப்படவே இல்லை என்பதால் உலாவிக்கு எல்லாத் தளமும் போலியாகத் தெரிகிறது. சிஆர்2032 பட்டன் பேட்டரியைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தேன். 3 வோல்ட் இருக்க வேண்டியது 2.1 காட்டியது. இத்தனை வருஷமாக யாரும் மெயின் சுவிட்சை அணைத்ததில்லை, அதனால் பேட்டரி செத்ததும் தெரியவில்லை. நான் தகடு மாட்ட சுவிட்சை அணைத்தேன், அது எல்லாவற்றையும் மறந்தது.

பூட் பட்டியல் பொதுவாக ஃபிளாஷ் நினைவகத்தில் இருப்பது, பேட்டரி போனால் அழியக்கூடாது. ஆனால் இந்த போர்டு, அமைப்புகள் இயல்பு நிலைக்குத் திரும்பியதும் பூட் வரிசையையும் தன் இஷ்டப்படி அடுக்கியிருந்தது. நான் அணைத்த சிஎஸ்எம் மறுபடி விழித்திருந்தது. புதிய பேட்டரி போட்டு, தேதியைச் சரிசெய்து, சிஎஸ்எம்மை மறுபடி அணைத்து, பென்டிரைவில் பூட் ஆகி, பூட் பட்டியலைக் காட்டும் ‘இஎஃப்ஐ-பூட்-எம்ஜிஆர்’ கட்டளையைத் தட்டினேன். (மேனேஜர் என்பதன் சுருக்கம்தான். இருந்தாலும் அந்தக் கடைசி மூன்று எழுத்தைத் தட்டும்போது ஒரு தமிழன் சிரிக்காமல் இருப்பது கஷ்டம்.) பட்டியலில் லினக்ஸ் இருந்தது, விண்டோஸுக்குக் கீழே. வரிசையை மாற்றி ரீஸ்டார்ட் செய்ததும் கிரப் மெனு வந்தது, லினக்ஸ் எழுந்தது. அக்கா காபி கொண்டுவரவா என்று கேட்டார். வேலை முடிந்தது என்றே நானும் நினைத்தேன்.

கேபிளைக் கழற்றிப் பார்த்தபோது

ஏனோ ஒரு நெருடல். இந்தப் பழைய டிஸ்க் நாளைக்கே நின்றுபோனால் லினக்ஸ் ஓடுமா? சோதிக்க ஒரே வழிதான். அணைத்து, ஹார்டு டிஸ்கின் டேட்டா கேபிளை உருவிவிட்டு எழுப்பினேன்.

‘பூட் ஆகும் சாதனம் இல்லை.’

எஸ்எஸ்டி சுகமாக இருக்கிறது, அதில் லினக்ஸ் முழுசாக இருக்கிறது, ஆனால் எழுப்ப ஆளில்லை. கேபிளை மாட்டி மறுபடி உள்ளே போய், அதே கட்டளையை விவரமாகக் காட்டச் சொன்னேன். லினக்ஸ் வரியில் ஒரு நீண்ட பார்ட்டிஷன் அடையாள எண் இருந்தது. ‘எல்எஸ்பிஎல்கே’யில் பார்ட்டிஷன் அடையாளங்களைக் காட்டச் சொல்லி ஒப்பிட்டேன். அது எஸ்எஸ்டியின் இஎஃப்ஐ பார்ட்டிஷன் இல்லை. ஹார்டு டிஸ்கில் விண்டோஸ் வைத்திருக்கும் 100 எம்பி இஎஃப்ஐ பார்ட்டிஷன். பூட்லோடரை எஸ்எஸ்டியில் வை என்று நிறுவும்போது தெளிவாகத் தேர்ந்தெடுத்திருந்தேன். நிறுவும் நிரலோ வழியில் முதலில் கண்ட இஎஃப்ஐ பார்ட்டிஷனிலேயே மூட்டையை இறக்கிவிட்டது. நான் உருவாக்கிய 512 எம்பி பார்ட்டிஷன் காலியாகக் கிடந்தது.

இரண்டு டிஸ்க் உள்ள கணினியில் நிறுவும்போது மற்ற டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிட்டு நிறுவு என்று ஏன் பெரியவர்கள் சொல்கிறார்கள் என்பது இப்போது விளங்கியது. மூடநம்பிக்கை என்று நினைத்திருந்தேன்.

மூன்றாவது தடவை நிறுவ மனமில்லை. தேவையும் இல்லை. மறுநாள் பென்டிரைவில் பூட் ஆகி (யூஇஎஃப்ஐ முறையில், இரண்டு தடவை சரிபார்த்து), எஸ்எஸ்டியின் ரூட் பார்ட்டிஷனை ‘எம்என்டி’ கோப்புறையில் மவுண்ட் செய்தேன், அதாவது திறந்து இணைத்தேன். அதற்குள் ‘பூட்/இஎஃப்ஐ’ இருக்கும் இடத்தில் எஸ்எஸ்டியின் இஎஃப்ஐ பார்ட்டிஷனை மவுண்ட் செய்தேன். ‘டெவ்’, ‘புராக்’, ‘சிஸ்’, ‘ரன்’ நான்கையும் பைண்டு முறையில் உள்ளே இணைத்து, ‘சிஎச்ரூட்’ அடித்தேன். இது கூடுவிட்டுக் கூடு பாய்வது மாதிரி. ஓடிக்கொண்டிருப்பது பென்டிரைவின் கெர்னல், ஆனால் நிற்பது எஸ்எஸ்டியின் வீட்டுக்குள். இங்கே தட்டும் கட்டளைகள் எஸ்எஸ்டியில் நிறுவப்பட்ட லினக்ஸைத்தான் மாற்றும்.

‘கிரப்-இன்ஸ்டால்’ தட்டினேன். ‘இந்தக் கணினியில் இஎஃப்ஐ மாறிகளுக்கு ஆதரவு இல்லை’ என்றது. சரியான முறையில்தான் பூட் ஆகியிருக்கிறேன், பின் என்ன? ‘சிஸ்’ஸை இணைத்தபோது அதற்குள் தனியாக மவுண்ட் ஆகியிருக்கும், பூட் பட்டியலைத் தொட உதவும் ‘இஎஃப்ஐவார்ஸ்’ கூடவே வரவில்லை. வெளியே வந்து அதையும் பைண்டு செய்து, திரும்ப உள்ளே போனேன். இம்முறை பிழையில்லை என்று வந்தது.

அதோடு விடாமல் ‘ரிமூவபிள்’ என்ற விருப்பத்தோடு இன்னொரு தடவையும் ஓட்டினேன். அது பூட்லோடரின் ஒரு பிரதியை, நான் முன்பு சொன்ன அந்தப் பொதுவான ‘பூட்எக்ஸ்64’ முகவரியிலும் வைக்கும். பட்டியலை மறந்துபோகும் போர்டு இது என்று தெரிந்துவிட்டதல்லவா. பட்டியல் காணாமல் போனாலும் ஃபர்ம்வேர் கடைசியில் தட்டிப் பார்க்கும் கதவு அந்த முகவரிதான்.

ஹார்டு டிஸ்க் கேபிளைக் கழற்றிவிட்டு எழுப்பினேன். கிரப் மெனு வந்தது. கெர்னல் ஏறியது. அப்புறம் ஒரு வரியில் சிவப்புப் புள்ளிகள் இடமும் வலமும் ஓடத் தொடங்கின: ஏதோ ஒரு டிஸ்க் அடையாளத்துக்காகக் காத்திருக்கிறேன், 1 நிமிடம் 30 விநாடி. ஒன்றரை நிமிடம் முடிந்ததும் ‘அவசர நிலை’ என்று கறுப்புத் திரையில் போய் உட்கார்ந்துகொண்டது.

உண்மையைச் சொன்னால் இதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம்தான். பூட் என்பது தொடர் ஓட்டம். ஃபர்ம்வேர் கட்டையைப் பூட்லோடர் கையில் கொடுக்கிறது, அது கெர்னலிடம், கெர்னல் இனிட்ராம்எஃப்எஸ் என்ற தற்காலிகச் சிறு கோப்பு முறையிடம், அது ரூட்டைக் கண்டுபிடித்து, மற்ற சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டியிடம். கட்டை கடைசியாக யார் கையில் இருந்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நேற்று முதல் ஆளே கிளம்பவில்லை. இன்று கடைசி ஆள் கையில் கட்டை இருக்கிறது, அவர் எதற்காகவோ காத்து நிற்கிறார். எதற்காக என்பதையும் திரையிலேயே எழுதிக் காட்டுகிறார்.

அவர் காத்திருந்தது எட்டே எழுத்துள்ள ஓர் அடையாளத்துக்கு, நடுவில் ஒரு கோடு. லினக்ஸ் கோப்பு முறைகளின் அடையாளம் நீளமாக இருக்கும். எட்டு எழுத்து என்றால் ஃபேட். ஃபேட் என்றால் இஎஃப்ஐ பார்ட்டிஷன். எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று எழுதியிருக்கும் ‘எஃப்எஸ்டேப்’ கோப்பைத் திறந்தேன். நினைத்தது சரி. பூட்லோடரைத் தப்பான வீட்டில் இறக்கிய அதே நிரல், முகவரிப் புத்தகத்திலும் அந்த வீட்டின் முகவரியையே எழுதியிருந்தது. ‘பிஎல்கேஐடி’ கட்டளையில் எஸ்எஸ்டியின் இஎஃப்ஐ பார்ட்டிஷன் அடையாளத்தைப் பார்த்து, அந்த எட்டு எழுத்தை மாற்றிச் சேமித்தேன். எழுப்பினேன். பதினைந்து விநாடியில் டெஸ்க்டாப்.

இடையில் ஒன்று. மெனு எதுவும் வராமல் வெறுமனே ‘கிரப்’ என்று ஒரு கட்டளைக் குறியீடு மட்டும் வந்து நிற்பதும் உண்டு. இந்தக் கணினியில் வரவில்லை, என் சொந்த லேப்டாப்பில் ஒருமுறை பார்ட்டிஷன்களைக் குழப்பி வரவழைத்தேன். அதற்கு மறுநிறுவல் வேண்டாம். அங்கேயே ‘எல்எஸ்’ தட்டினால் டிஸ்குகளும் பார்ட்டிஷன்களும் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றாக உள்ளே பார்த்து, எதில் ‘பூட்’, ‘ஹோம்’ கோப்புறைகள் இருக்கின்றன என்று கண்டுபிடித்து, ‘கான்ஃபிக்ஃபைல்’ என்ற கட்டளையோடு அங்கிருக்கும் கிரப் அமைப்புக் கோப்பின் முகவரியைக் கொடுத்தால் மெனு வந்துவிடும். ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று வந்தால் நிலைமை இன்னும் மோசம். அங்கே ‘எல்எஸ்’, ‘செட்’, ‘இன்ஸ்மாட்’ போல விரல்விட்டு எண்ணும் கட்டளைகளே ஓடும். முதலில் ரூட் எது, கிரப்பின் கோப்புகள் இருக்கும் இடம் (பிரிஃபிக்ஸ்) எது என்று சொல்லிக்கொடுத்து, ‘நார்மல்’ என்ற மாட்யூலை ஏற்றி, அப்புறம்தான் பேச்சுவார்த்தை.

விண்டோஸ் எங்கே?

கேபிளை மாட்டி எழுப்பினால் கிரப் மெனுவில் விண்டோஸ் இல்லை. இப்போது பயப்படவில்லை. கிரப் 2.06 பதிப்பிலிருந்து மற்ற இயங்குதளங்களைத் தேடும் ‘ஓஎஸ்-புரோபர்’ இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, பாதுகாப்புக் காரணம். கிரப்பின் இயல்பு அமைப்புக் கோப்பில் அதை முடக்கும் வரிக்கு ‘ஃபால்ஸ்’ என்று மதிப்புக் கொடுத்து, ‘அப்டேட்-கிரப்’ தட்டினேன். விண்டோஸ் வந்து வரிசையில் நின்றது. பூட் பட்டியலில் பழைய டிஸ்கைக் காட்டும் லினக்ஸ் வரி ஒன்று தேங்கிக் கிடந்தது, அதை மட்டும் நீக்கினேன். விண்டோஸின் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குள் லினக்ஸ் விட்டுப்போன கோப்புறையைத் தொடவில்லை. சில எம்பிக்காக அங்கே கை வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

இரண்டு இயங்குதளங்களுக்கும் மாறி மாறி நாலு தடவை போய்வந்தோம். மெயின் சுவிட்சை அணைத்து, பத்து நிமிடம் கழித்துப் போட்டோம். தேதி நின்றது. பூட் வரிசை நின்றது. காபி குடித்தேன்.

அன்று இரவே அழைப்பு வந்தது.

“மாமா, மணி மறுபடியும் தப்பாக் காட்டுது. விண்டோஸ்ல மட்டும்.”

புதுப் பேட்டரியும் மட்டமானதா என்றுதான் முதலில் தோன்றியது. “எவ்வளவு தப்பு?” என்றேன். சொன்னான். உலகப் பொது நேரத்துக்கும் எங்கள் நேரத்துக்கும் உள்ள அதே வித்தியாசம், ஒரு நிமிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. செத்த பேட்டரி இவ்வளவு கணக்காகத் தப்புப் பண்ணாது. மதர்போர்டின் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும். ஒன்று எழுதியதை மற்றொன்று தன் பாஷையில் படிக்கிறது.

லினக்ஸைத் திறக்கச் சொல்லி, ‘டைம்டேட்சிடிஎல்’ கட்டளையில் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கும் விருப்பத்தைத் தொலைபேசியிலேயே எழுத்துக்கூட்டித் தட்டவைத்தேன். அந்த விருப்பம் நல்லதில்லை என்று அதுவே ஓர் எச்சரிக்கை காட்டும், அதைப் படித்துவிட்டு “மாமா, திட்டுது” என்றான். திட்டட்டும் என்றேன். விண்டோஸுக்குப் போய் நேரத்தை ஒருமுறை ஒத்திசைக்கச் சொன்னேன். இரண்டு நிமிடம் அமைதி.

“சரியாயிடுச்சு. இப்ப பதினொண்ணு இருபது.”

என் கைக்கடிகாரமும் அதைத்தான் காட்டியது.